கரியா அணுவா என்று கேட்டார்கள்

"படிச்சவன் சொல்லட்டும்" என்று அண்ணன் பொறுப்பை என் தலையில் வைத்தான். அன்றைக்குப் புதன்கிழமை. ஞாயிற்றுக்கிழமைக்குள் நான் சொல்லியாக வேண்டும்.

அண்ணன் என்னைவிடப் பதின்மூன்று வயது மூத்தவன். அப்பா செத்துப்போன வருஷம் தங்கச் சுரங்கத்தில் இறங்கினான். டிரில் பிடிக்கிற வேலை. அவன் பாறையில் ஓட்டை போட்டுக் கொடுத்தால், அதில் வெடிமருந்தைத் திணித்து வெடிக்க வைப்பார்கள். அவன் கீழே இறங்கினதால்தான் நான் பள்ளிக்கூடம் போனேன், பி.யூ.சி. முடித்தேன், ஊரிகத்தில் சுரங்கங்களுக்குக் கரண்ட் பிரித்துக் கொடுக்கும் சப்-ஸ்டேஷனில் அப்ரெண்டிஸாகச் சேர்ந்தேன். எங்கள் வீட்டில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான்.

அந்த வருஷம் அண்ணனின் மார்பைப் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், உள்ளே பாறைத் தூசி படிந்துவிட்டது, இனிமேல் கீழே இறங்கக் கூடாது, தூசி இருக்கிற இடத்தில் நிற்கவே கூடாது என்று சொல்லிவிட்டார். மேலே, வெளிச்சத்தில் செய்கிற வேலைக்கு ஏற்கெனவே ஆட்கள் வரிசையில் நின்றார்கள். அண்ணன் காலையில் எழுந்து, பழக்கத்தில் பூட்ஸைத் தேடி, பிறகு ஞாபகம் வந்து உட்கார்ந்துகொள்வான். இருமும்போது முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வான். அண்ணி அடுப்பைப் பார்த்தபடியே எண்ணிக்கொண்டிருப்பார் என்று எனக்குத் தெரியும். நானும் எண்ணிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் ஆண்டர்சன்பேட்டை மேஸ்திரி வந்தார். எங்கள் ஊர் ஆட்களைத் திரட்டி வெளியூர் வேலைகளுக்கு அனுப்புகிறவர். அவரிடம் இரண்டு இடங்கள் இருந்தன. ஒன்று, வடக்கே ஆந்திரப் பக்கம், நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுக்கிற நிலையம். இன்னொன்று, கடலோரத்தில் கட்டிக்கொண்டிருந்த அணுமின் நிலையம்.

"கரியா, அணுவா? ஞாயித்துக்கெழம சாயங்காலம் வந்து சொல்லிடு. ஆளு ரொம்பிப் போச்சின்னா எங்கிட்ட வந்து அழுவக் கூடாது," என்றார்.

அம்மா அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் என்னைக் காட்டினான்.

எனக்கு என்ன தெரியும்? எனக்குத் தெரிந்த மின்சாரம் எங்கோ தூரத்தில் ஓர் அருவியில் பிறந்து, கம்பி வழியாக வந்து, என் முன்னால் இருந்த மீட்டர்களின் முள்ளை ஆட்டிவிட்டுப் போனது. மணிக்கு ஒருமுறை அந்த முள் எங்கே நிற்கிறது என்று பதிவேட்டில் எழுதுவது என் வேலை. நிலக்கரி நிலையத்தை நான் பார்த்ததில்லை. அணு நிலையத்தை எங்கள் ஊரில் யாருமே பார்த்ததில்லை. அணு என்றால் குண்டு. அவ்வளவுதான் சுரங்கத் தொழிலாளர் வீட்டு வரிசையான எங்கள் லைனில் தெரியும்.

ஆண்டர்சன்பேட்டை வாசகசாலையில் ஓர் ஆங்கில மாதப் பத்திரிகை வரும். அதன் பழைய இதழ் ஒன்றில் இந்த இரண்டையும் ஒப்பிட்டு ஒரு கட்டுரை இருந்தது. புதன், வியாழன், வெள்ளி என்று மூன்று சாயங்காலங்கள் டியூட்டி முடிந்து நேராக அங்கே போனேன். அகராதியை ஒரு பக்கம் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகக் கடந்தேன். எவ்வளவு கரிக்கு எவ்வளவு யூனிட், எவ்வளவு யுரேனியத்துக்கு எவ்வளவு யூனிட், வருஷத்தில் எது எத்தனை நாள் நிற்காமல் ஓடும் என்று கட்டம் போட்டுக் கொடுத்திருந்தார்கள். அந்தக் கட்டத்தை அப்படியே நோட்டில் வரைந்துகொண்டேன். அதை வரையும்போது மட்டும் பயம் கொஞ்சம் அடங்கியிருந்தது.

கட்டத்துக்கு அடுத்த பக்கத்தில் இரண்டு பத்திகள் இருந்தன. ஒன்று நிலக்கரியின் புகையையும் சாம்பலையும் பற்றியது. மற்றது அணுவின் கதிர்வீச்சைப் பற்றியது. கண்ணுக்குத் தெரியாது, மணக்காது, சுடாது, ஆனால் உடம்புக்குள் போய்விடும் என்று அகராதியின் துணையோடு புரிந்துகொண்டபோது என் விரல் அந்த வரியிலேயே நின்றுவிட்டது. அண்ணனின் மார்புக்குள் போனதும் அப்படித்தானே போனது? பதினாறு வருஷம் யாருடைய கண்ணுக்கும் தெரியாமல்.

அந்த இரண்டு பத்திகளையும் நான் நோட்டில் எடுத்துக்கொள்ளவில்லை. எது அதிக மின்சாரம் தரும் என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. எது என் அண்ணனைக் கொல்லாது என்ற கேள்விக்கு இல்லை. பதில் தெரிந்த கேள்வியையே என்னிடம் கேட்டார்கள் என்று நானே வைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் வீட்டு நடுவில் பாய் போட்டு உட்கார்ந்தோம். அம்மா, அண்ணன், அண்ணி, நான். லைன் வீட்டுக்கு மூங்கில் தட்டிதான் சுவர். அதனால் பக்கத்து வீட்டு அத்தையும் எங்களோடு உட்கார்ந்திருந்த மாதிரிதான்.

நோட்டைத் திறந்தேன். "ரெண்டும் தண்ணியக் கொதிக்க வெக்கிறதுதான்," என்று ஆரம்பித்தேன்.

"இன்னாது?" என்றார் அண்ணி.

"கரிய எரிச்சாலும் சரி, அணுவ ஒடச்சாலும் சரி, சூடு வரும் அண்ணி. அந்தச் சூட்டுல தண்ணி கொதிச்சு ஆவியாவும். ஆவி போய்ச் சக்கரத்தச் சுத்தும். சக்கரம் சுத்தினா கரண்டு."

"தண்ணி கொதிக்க வெக்கவா இத்தினி ஆர்ப்பாட்டம்?" தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அத்தையின் குரல் வந்தது. "நான் தெனம் ரெண்டு அண்டா கொதிக்க வெக்கறேன். எனுக்கு எவன் லைட்டு குடுத்தான்?"

அண்ணன் சிரித்தான். சிரிப்பு இருமலாக மாறியது. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். நாங்கள் எல்லோரும் அது முடியும்வரை காத்திருந்தோம். நான் வேகமாகப் பேசத் தொடங்கினேன்.

மெஷின் மேல் எழுதியிருக்கிற அளவு வேறு, அது உண்மையில் தருகிற மின்சாரம் வேறு என்று சொன்னேன். புரியவில்லை என்று எல்லோருடைய முகமும் சொன்னது. "ண்ணா, ஒரே சைஸ் டிரில்லு ரெண்டு பேர்கிட்ட கீதுன்னு வெச்சுக்கோ. ஒருத்தன் ஷிப்டு முழுக்க அடிக்கிறான். இன்னொருத்தன் பாதி நேரம் மெஷின நிறுத்திட்டு ஒக்காந்துக்கிறான். மெஷினு ஒண்ணுதான். ஓட்டை ஒண்ணா வருமா?"

"அது யாரு, நம்ம மச்சான் மாதிரியா?" என்றான் அண்ணன். அண்ணி அவன் முழங்காலில் ஒரு தட்டு தட்டினார்.

"கரி வேகன் வரலன்னா கரி நிலையம் நின்னு போவும். கொதிகலன்ல சாம்பலு அடச்சிக்கினா நிறுத்திச் சுத்தம் பண்ணணும். அணு அப்படி இல்ல. ஒருவாட்டி உள்ள வெச்சா மாசக் கணக்குல ஓடும்னு போட்டிருக்காங்க. வேகன் வேகனா கரி எரிச்சாத்தான் வர்ற கரண்டு, இதுல ஒரு கூடைக்குள்ள அடங்கிப் போவும்."

அம்மா அதுவரை புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். இப்போது நிமிர்ந்தாள்.

"ஒரு கூடையில அத்தினியா?"

"ஆமாம்மா."

"அப்ப அது வேணாம் நைனா."

"ஏம்மா?"

"எந்த லெவல்ல தங்கம் ஜாஸ்தியோ அங்கதான் பாறை வெடிக்கும். உங்கப்பா சொல்லும். கொஞ்சமா குடுக்கற எடம் சும்மா கெடக்கும். நெறைய குடுக்கற எடம் ஆள முழுங்கும். ஒரு கூடையில அத்தினி கீதுன்னா, அது கோவத்தோட கீது."

எங்கள் ஊரில் யாரும் இதை மறுக்க முடியாது. ஆழத்தில், வளமான பாறையில்தான் அழுத்தம் தாங்காமல் திடீரென்று வெடிக்கும். தட்டிக்கு அந்தப் பக்கம் அத்தையும் "அதான, அதான" என்றாள். நான் நோட்டைப் பார்த்தேன். என் கட்டத்தில் பெரிய எண்ணாக இருந்ததெல்லாம் அம்மாவுக்கு ஆபத்தின் அளவாகக் கேட்டிருக்கிறது. நான் உயர்த்திச் சொல்லச் சொல்ல அவளுக்குப் பயம் ஏறியிருக்கிறது.

அந்த நேரம் பார்த்துத் தரை ஆடியது. அடுக்கில் இருந்த பாத்திரங்கள் ஒன்றோடொன்று இடித்தன. ஒரு மூச்சு நேரம்தான். கீழே எங்கோ பாறை வெடித்திருக்கிறது. லைன் முழுக்கச் சத்தம் நின்றது. எல்லா வீட்டிலும் எல்லோரும் சங்கு ஊதுகிறதா என்று காது கொடுத்திருந்தார்கள். சங்கு ஊதினால் ஆட்கள் மாட்டிக்கொண்டார்கள் என்று அர்த்தம். அண்ணன் வீட்டுக்குள், எங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான் என்று தெரிந்தும் அண்ணி அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தார். சங்கு ஊதவில்லை. எங்கேயோ ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. மறுபடி ஊர் பேசத் தொடங்கியது.

"சொல்லு தம்பி," என்றார் அண்ணி. சட்டையை விடவில்லை. "நீ இன்னா சொல்ற? கணக்கு வேணாம். எங்க அனுப்பலாம்?"

நான் கதிர்வீச்சை நினைத்தேன். சாம்பலை நினைத்தேன். டாக்டர் தூசி என்றுதானே சொன்னார்? கரியில் தூசி இருக்கிறது. அணுவில் இல்லை.

"அணு," என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

அம்மா என் முகத்தையே பார்த்தாள். "நீ பாத்தியா நைனா அந்த எடத்த?"

"படிச்சேம்மா."

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. நான் படித்தேன் என்று சொன்ன பிறகு எங்கள் வீட்டில் யாரும் எதையும் கேட்டதில்லை. அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது.

சாயங்காலம் அண்ணனும் நானும் ஆண்டர்சன்பேட்டைக்கு நடந்தோம். தங்கத்தைப் பிரித்தெடுத்தபின் கொட்டி வைத்த சயனைடு மேட்டின் வெள்ளைப் பொடி காற்றில் பறந்தது. அண்ணன் துண்டால் வாயை மூடிக்கொண்டான். மேஸ்திரி ஒரு டீக்கடை பெஞ்சில் நோட்டோடு உட்கார்ந்திருந்தார். நான்தான் சொன்னேன்: "அணு."

மேஸ்திரி தலையாட்டிவிட்டு அண்ணனின் கையைப் பிடித்து உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். "டிரில்லு எத்தினி வருஷம்?"

"பதினாறு."

"நல்லது. டனல் செட்டுல போட்டுடறேன்."

எனக்குப் புரியவில்லை. "டனலா? இன்னா டனல்?"

"சூடு தணிக்கத் தண்ணி வேணும் இல்ல? கடலுக்கு அடியில டனல் ஓட்டித் தண்ணிய இஸ்துகினு வராங்க. அதுக்குத்தான் நம்ம ஊரு ஆளே வேணும்னு கேக்கறாங்க." என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். "ஏன் தம்பி, நீ இன்னா நெனச்ச? உங்க அண்ணன் கையில அணுவக் குடுத்து ஒடைக்கச் சொல்லுவாங்கன்னா?"

டீக்கடையில் இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்குக் காது அடைத்துக்கொண்டது.

"அப்ப... கரி நிலையத்துல?"

"வேகன்ல வர்ற கரிய எறக்கறது. வேற இன்னா?"

எங்களில் ஒருவரும் இதைக் கேட்கவில்லை. எங்கள் ஊரில் இப்படிக் கேட்கும் பழக்கமே கிடையாது. எந்த மைன், எந்த லெவல் என்று சொன்னால் போதும். என்ன வேலை, எவ்வளவு சூடு, எத்தனை பேர் திரும்பி வரவில்லை என்பதெல்லாம் அதிலேயே எல்லோருக்கும் தெரிந்துவிடும். கரியா அணுவா என்று கேட்டார்கள். அது என்னவோ இரண்டு மைன்களின் பெயர் மாதிரி நானும் எது அதிகம் தரும் என்று மூன்று நாள் தேடினேன். நான் ஒப்பிட்ட அணு நிலையம் அன்றைக்கு ஒரு யூனிட் மின்சாரம்கூடத் தரவில்லை. அதை இன்னும் கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் வாசித்துப் பயந்த கதிர்வீச்சும் அங்கே இன்னும் வந்து சேரவில்லை. அங்கே இருந்தது பாறை. அதில் ஓட்டை போட டிரில். தூசி இருக்கிற இடத்தில் நிற்கவே கூடாது என்று சொல்லப்பட்ட என் அண்ணன்.

மேஸ்திரியிடம் நாளைக்கு வருகிறோம் என்று சொல்லி அண்ணனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். கடைகள் முடிகிற இடத்தில் அவன் கையை விடுவித்துக்கொண்டான்.

"எனுக்குத் தெரியும்டா," என்றான்.

"இன்னா தெரியும்?"

"டனல்னு. அன்னிக்கே மேஸ்திரி சொன்னாரு."

நான் நின்றுவிட்டேன்.

"நானா சொன்னா அம்மா உடுமா? உங்க அண்ணிதான் உடுவாளா? நீ சொன்னா உடுவாங்க. நீ எதச் சொல்லுவேன்னும் தெரியும். கரின்னா தூசுன்னு நெனப்ப." அவன் என்னைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துப் பேசினான். "கரி வாரிப் போடறதுக்காடா நான் இத்தினி வருஷம் மெஷினு புடிச்சேன்? எனுக்குத் தெரிஞ்ச வேல அது ஒண்ணுதான்."

"டாக்டர் சொன்னாரு இல்ல?"

"கடலுக்கு அடியிலடா. ஈரப் பாறை. தண்ணி உட்டு அடிப்பாங்க. தூசு எங்கேருந்து வரும்?"

அது உண்மையாக இருக்கலாம். பொய்யாகவும் இருக்கலாம். எனக்குத் தெரியாது. இந்த முறை எனக்குத் தெரியாது என்பதாவது தெரிந்தது. வீடு வரும்வரை அவன் கெஞ்சவில்லை, மிரட்டவில்லை. வாசலில் மட்டும் ஒருமுறை என் தோளில் கை வைத்தான். சொல்லாதே என்று அர்த்தம்.

உள்ளே அண்ணி விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். அம்மா "பேர் குடுத்தாச்சா?" என்றாள்.

"இல்ல," என்றேன். "அங்க டனல் வேலம்மா. டிரில்லு. நான் சொன்னது தப்பு. எனுக்கு ஒண்ணும் தெரியாமச் சொல்லிட்டேன்."

அண்ணி விளக்கைக் கீழே வைத்தார். அண்ணன் என்னை அடிப்பான் என்று நினைத்தேன். அவன் தட்டியில் சாய்ந்து உட்கார்ந்து, "உன்னப் படிக்க வெச்சேன் பாரு," என்று மட்டும் சொன்னான்.

மறுநாள் காலை அண்ணி தானே போய் மேஸ்திரியைப் பார்த்தார். நிலக்கரி நிலையத்துக்கே பெயர் கொடுத்தார். கரி இறக்குகிற இடத்தில் போடக் கூடாது, பம்ப்போ தோட்டமோ காவலோ எதுவானாலும் சரி என்று கேட்டிருக்கிறார். மேஸ்திரி, "சொல்லிப் பாக்கறேம்மா, என் கையில இல்ல," என்றாராம். அவ்வளவுதான் கிடைத்த உறுதி.

பத்து நாள் கழித்து ஊரிகம் ஸ்டேஷனில் அண்ணன் ரயில் ஏறினான். அதுவரை என்னோடு பேசவில்லை. ஜன்னல் வழியாக அம்மாவிடமும் அண்ணியிடமும் பேசினான். நான் அவன் பெட்டியைத் தூக்கிக் கொடுத்தபோது வாங்கிக்கொண்டான்.

அங்கிருந்து வந்த கடிதங்களை யாரோ எழுதிக் கொடுத்திருந்தார்கள். சுகம், சாப்பாடு பரவாயில்லை, அம்மாவைப் பார்த்துக்கொள். என்ன வேலை என்று ஒன்றிலும் இல்லை. நான் ஒவ்வொரு பதிலிலும் கேட்டேன். சுகம் என்று வந்தது. சப்-ஸ்டேஷனில் மீட்டர் முள்ளைப் பார்த்து எழுதும்போதெல்லாம் எங்கோ ஒரு கரிக்குவியல் என் கண்ணுக்கு வந்தது. அருவியில் தண்ணீர் குறைந்து எங்களுக்குக் கரண்ட் வெட்டிய வாரங்களில், வடக்கே இருந்து கரி மின்சாரம் வரவேண்டும் என்று மற்றவர்கள் பேசினால் நான் எழுந்து வெளியே போய்விடுவேன்.

நாலு மாதம் கழித்து லீவில் வந்தான். மெலியவில்லை. பருக்கவும் இல்லை. என்னிடம் பேசினான், "இன்னாடா, டியூட்டி எப்பிடி போவுது?" என்று, ஒன்றும் நடக்காதது போல. துண்டை எடுத்துக்கொண்டு லைன் குழாய்க்குக் குளிக்கப் போனான். நான் பின்னாலேயே போனேன். அவன் தலையில் தண்ணீர் ஊற்றியபோது முதுகு வழியாக இறங்கி, சாக்கடைக்குப் போன தண்ணீர் கறுத்திருந்தது. அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

"ரயிலு கரிடா," என்றான். "ரெண்டு நாளு எஞ்சினுக்குப் பக்கத்துப் பெட்டியில ஒக்காந்து வந்தேன்."

ரயிலில் வந்த எல்லோர் மேலும் கரி இருக்கும். எனக்கும் அது தெரியும். சோப்பை எடுத்து அவன் கையில் கொடுத்தேன். உன் வேலை என்ன என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை.

ரயில் கரியென்றால் ஒரு குளியலில் போய்விடும். மறுநாள் காலை அவன் துண்டை எடுத்ததும், குடத்தைத் தூக்கிக்கொண்டு நான் அவனுக்கு முன்னால் போய்க் குழாயடியில் நின்றேன்.